தடையின்றி இறங்கியதா?

ஆடி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்த தணிகாசலம் பாதித் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து நின்றான். நெஞ்சுக்குழியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக இரண்டு நடை நடந்தான். பத்துக்குப் பன்னிரண்டு வீடு, அதற்குமேல் நடக்க இடமில்லை. அவன் பெண்சாதி தாயம்மா தலையில் தட்டினாள், முதுகில் குத்தினாள், சொம்புத் தண்ணீரை வாயில் வைத்துச் சாய்த்தாள். ஊற்றிய தண்ணீரில் பாதி மூக்கு வழியாக வந்தது. ஒருவழியாகக் கவளம் இறங்கியதும், கண்ணெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்தவன் "முள்ளுமே" என்றான். வஞ்சிரக் கருவாட்டில் அப்படிக் குறுக்கே நிற்கிற முள் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் முள் என்றே வைத்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அப்துல் கய்யூம் பாய் டீக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக டீ மாஸ்டர். காலை நாலரைக்கு பாய்லர் பற்றவைத்தால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நின்ற கால் நிற்பான். ஒவ்வொரு முறை தூள் மாற்றும்போதும் டிகாஷன் பதம் பார்க்கிற சாக்கில் அரை கிளாஸ் உள்ளே தள்ளுவான், அதுவும் ஆவி பறக்க. டீயை ஊதி ஊதிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு இளக்காரம். இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு கிளாஸ் இறங்கும். காலைப் பலகாரம் என்று ஒன்று கிடையாது. பசித்தால் ஒரு பொறை ரொட்டி, இல்லாவிட்டால் இன்னொரு டீ. நெஞ்செரிச்சல் அவனுக்குப் பத்து வருஷத்துச் சொந்தம். வந்தால் ஒரு சோடா குடித்து அனுப்பிவைப்பான்.

தாயம்மாவின் தம்பி அசோகன் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி ஏறுகிறவர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, ஊரில் எந்த நோவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை விரல்நுனியில் வைத்திருந்தான். முள் கதையைக் கேட்டவன், மறுநாளே அக்காவையும் மாமாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பக்கம் முழுக்க வெந்து புண்ணாகிக் கிடக்கிறது, வயிற்றுப் புளிப்பு மேலேறி மேலேறி அரித்திருக்கிறது, சூடு அதன்மேல் உப்புத் தேய்த்திருக்கிறது என்று டாக்டர் மதுவந்தி சொன்னார். சின்ன வயசு டாக்டர்தான், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறவர். இந்தப் புண்ணுக்கு ஒரு புது மாத்திரையை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம், விருப்பமிருந்தால் பன்னிரண்டு வாரம் சேர்ந்துகொள்ளலாம், மருந்தும் பரிசோதனையும் எங்கள் பொறுப்பு என்றார். இருநூற்று நாற்பது பேர் சேர்கிறார்களாம். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இவருக்கு எது என்று தாயம்மா கேட்டாள்.

"எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். அதனாலதான் எங்ககிட்டயும் மறைச்சு வெச்சிருக்காங்க."

கொடுக்கிறவளுக்கே என்ன கொடுக்கிறோம் என்று தெரியாத வைத்தியத்தைத் தாயம்மா கேள்விப்பட்டதில்லை. ஆனால் தணிகாசலம் அதற்குள், சம்மதத்தைப் பதிவு செய்கிற வீடியோ கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் மனசாரச் சம்மதிக்கிறேன் என்று பேட்டி கொடுக்கிற தோரணையில் பேசிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரும் அவனிடம் சம்மதம் கேட்டதில்லை. அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

புறப்படும்போது டாக்டர் வழக்கமான புத்திமதிகளைச் சொன்னார். சூடான டீ கூடாது, காரம் கூடாது, தொந்தி குறையணும், தலைமாட்டை உயர்த்திப் படுக்கணும், சாப்பாடு மெத்தென்று இருக்கணும். கடைசியாகச் சொன்னதைத் தாயம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அவன் பாடு, இது தன் பாடு என்று அவளுக்குப் பட்டது.

ஆராய்ச்சியில் நோயாளிகளைக் கவனிக்கிற ஜெயபாரதி நீல அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்கு ஒரு நாள். மேலே நெஞ்செரிச்சல் எவ்வளவு என்று சுழிப்பதற்கு எண்கள். கீழே சோறு, இட்லி, சப்பாத்தி, இறைச்சி, தண்ணீர் என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்: சாப்பிட்டீர்களா? தடையின்றி இறங்கியதா? டிக் போட்டால் போதும். தணிகாசலத்துக்குக் கையெழுத்துத் தவிர வேறு எழுத்து வராது. தாயம்மா எட்டாவது வரை படித்தவள். நோட்டு அவள் பொறுப்புக்கு வந்தது.

தாயம்மா மாவு அரைத்து விற்கிறவள். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளம் அவர்கள் வீடு. மூலையில் பத்து லிட்டர் கிரைண்டர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதற்குமேல் சத்தமாகப் பேசிப் பேசி அந்த வீட்டில் எல்லோருக்கும் கட்டைத் தொண்டை. உளுந்து எவ்வளவு நேரம் ஊறினால் எவ்வளவு தண்ணீர் இழுக்கும், புழுங்கலரிசி எந்த நேரத்தில் ரவைப் பதம் விட்டு வெண்ணெய்ப் பதத்துக்குப் போகும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்து உரசிப் பார்த்தால் போதும். நாற்பது அடுக்குமாடி வீடுகளுக்கு அவள் மாவுதான். இட்லி கல்லாகிவிட்டது என்று இதுவரை ஒரு வீட்டிலிருந்தும் பேச்சு வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதில் தப்பும் இல்லை.

முதல் நாலு வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. எரிச்சல் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கி, பூஜ்யத்தில் நின்றது. தணிகாசலம் டீயை ஆறவைத்துக் குடித்தான், கடைக்கு வருகிறவர்களிடம் ஆராய்ச்சியைப் பற்றித் தானே கண்டுபிடித்தவன் மாதிரி பேசினான். நாலாம் வாரப் பரிசோதனையில் நோட்டைப் புரட்டிப் பார்த்த ஜெயபாரதி, ஒரு நாள்கூட விடாமல், ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், எல்லாரும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இல்லை என்று தாயம்மாவைப் புகழ்ந்தாள். தாயம்மா வீட்டுக்கு வந்து நோட்டுக்கு பிளாஸ்டிக் அட்டை போட்டாள்.

ஐந்தாம் வாரம் புதன்கிழமை மறுபடியும் சோறு நின்றது.

இந்தத் தடவை அவன் எழுந்து நடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். இறங்கியதும், அவசரமாகத் தின்றுவிட்டேன் என்றான். அன்றைக்கும் நோட்டில் டிக்தான் விழுந்தது. டாக்டர் மெத்தென்று கொடுக்கச் சொன்னதை மறந்து, அரிசியை ஒரு கொதி முன்னாலேயே வடித்துவிட்டோமே என்று தாயம்மா தன்னைத்தான் நொந்துகொண்டாள். மறுநாள் சோற்றைக் குழைய வடித்து மத்தால் மசித்துக் கொடுத்தாள். இறங்கியது. நாலு நாள் கழித்து மசித்ததும் நின்றது. மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டாள். இறங்கியது. ராத்திரி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, சோறு என்ற வரிசையில் சாப்பிட்டீர்களா என்பதற்கு ஒரு டிக், தடையின்றி இறங்கியதா என்பதற்கு ஒரு டிக் போட்டாள். இரண்டும் நிஜம். கேட்டதற்குத்தான் பதில் எழுதினாள்.

ஏழாம் வாரம் இட்லி நின்றது. தன் கையால் அரைத்து, தன் கையால் ஊற்றிய இட்லி, வாயில் போட்டால் கரைகிற இட்லி, அவன் தொண்டைக்குக் கீழே போய் நின்றுகொண்டது. தாயம்மாவுக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. இட்லியை வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்து, கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு "நல்லா கீதுமே" என்றான். அன்றைக்கு நோட்டில் இட்லி வரிசைக்கு வந்தபோது அவள் பேனா ஒரு நிமிஷம் நின்றது. அரைத்துக் கொடுத்தேன் என்று எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. கட்டம் மட்டும்தான் இருந்தது. இட்லி உள்ளே போனதா, போனது. டிக் போட்டு மூடினாள். ஆனால் அன்று முதல் அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தாள்.

எட்டாம் வாரம் அடையாறுக்குப் போனபோது எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. தொந்தி குறையணும் என்று டாக்டரே சொல்லியிருந்ததால், தணிகாசலம் எடை மிஷினிலிருந்து பரீட்சையில் ஜெயித்தவன் மாதிரி இறங்கினான். டாக்டர் மதுவந்தி கொஞ்சம் யோசித்தார். ஆறு கிலோ அதிகமில்லையா என்றார். நோட்டைப் பார்த்தார், எல்லாக் கட்டத்திலும் டிக். விழுங்கும்போது ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று அவனையே நேராகக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க மேடம். சோக்கா எறங்குது" என்றான் தணிகாசலம்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. இத்தனை அன்பாகக் கவனிக்கிற மனுஷியிடம் உன் மருந்து சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லியே பழகிய வாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இந்த மாதிரி நோயாளிகள் கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம் என்று அதற்குள் ஜெயபாரதி சொல்லிவிட்டாள். தாயம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது திரு.வி.க. பாலத்துக்குக் கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது, மேற்கே மேகம் திரண்டிருந்தது. அசோகன் இரண்டு தடவை கண்ணாடியில் மாமாவின் கழுத்தைப் பார்த்தான். காறை எலும்பு இரண்டும் சட்டைக்குமேல் துருத்திக்கொண்டு நின்றன.

ஒன்பதாம் வாரத்தில் மிக்ஸியில் அரைத்ததும் போதவில்லை. அரைத்ததை உளுந்து வடிகட்டுகிற வெள்ளைத் துணியில் ஊற்றிப் பிழிந்து, திப்பி இல்லாமல் கொடுத்தாள். அவன் குரல் கம்மியது. படுத்தால் இருமல் வந்தது, எழுந்து உட்கார்ந்தால் நின்றது. கய்யூம் பாய் மட்டும் ஒரு நாள் மாவு வாங்குகிற சாக்கில் வந்து, மாஸ்டர் இப்போதெல்லாம் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போகிறார், கிளாஸ் காலியாக வருகிறது, ஆனால் குடிக்கிற மாதிரி தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறான் என்பது தாயம்மாவுக்குப் புரிந்தது. அவனிடம் கேட்கவில்லை. அவனும் ஏன் அரைக்கிறாய் என்று அவளைக் கேட்டதில்லை. முப்பது வருஷம் சண்டை போட்டே குடும்பம் நடத்தியவர்கள், இந்த ஒரு விஷயத்தில் ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்டார்கள்.

பத்தாம் வாரம் முடிகிற சமயத்தில் தீபாவளி வந்தது. முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. குடியிருப்பில் வெடிச்சத்தத்தைவிடத் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் அதிகம். தீபாவளி என்றால் காலையில் இட்லியும் கறிக்குழம்பும். கறி இல்லாமல் அந்த வீட்டில் தீபாவளி நடந்ததில்லை. தாயம்மா விடியற்காலையிலேயே அரைக் கிலோ கறி வாங்கி வந்து, இஞ்சி பூண்டு மட்டும் போட்டுக் காரமில்லாமல் வேகவைத்தாள். வெந்த கறியைத் தனியாக எடுத்து மிக்ஸியில் போட்டாள். முதலில் நாராகச் சுற்றியது. குழம்புத் தண்ணீர் விட்டாள், இன்னும் விட்டாள். கடைசியில் சந்தனம் மாதிரி ஆயிற்று. அதை இட்லிக் கரைசலோடு கலந்து, துணியில் வடிகட்டி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனிடம் கிளாசில் கொடுத்தாள். பலகாரத்துக்கு வந்திருந்த அசோகன் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

மாமா குடித்துவிட்டுக் கை கழுவப் போனதும் அக்காவிடம் வந்தான்.

"அக்கா, இத்த டாக்டராண்ட சொன்னியா?"

"எத்த?"

"கறிய மாவாட்டம் அரைச்சிக் குடுக்கிறியே, அத்த."

"துன்னாரா, எறங்குச்சான்னு கேட்டாங்க. எய்தினேன். எப்டி குடுத்தேன்னு அவங்க கேக்கல. மெத்துனு குடுக்கச் சொன்னாங்கடா, நான் குடுக்கறேன். இன்னா இப்போ?"

"மெத்துன்னா இதுவாக்கா? பல்லு இல்லாத கொயந்தைக்குக்கூட இப்டி அரைக்க மாட்டாங்களே."

தாயம்மா அவன்மேல் எரிந்து விழுந்தாள். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதே, ஆட்டோ ஓட்டுகிறவன் டாக்டர் வேலை பார்க்காதே, இன்னும் இரண்டு வாரத்தில் கடைசிக் கேமரா டெஸ்ட், அப்போது பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொன்னாள். அசோகன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவள் கோபத்துக்குக் காரணம் அவன் இல்லை. தனக்குத் தெரிந்ததை இன்னொருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டானே என்ற கிலி அது. அன்று ராத்திரி நோட்டில் இறைச்சி வரிசையில் கட்டத்தைச் சரியாகப் பார்க்காமல் இரண்டு டிக் போட்டாள். ஒரு டிக் கட்டத்துக்கு வெளியே போயிற்று.

தீபாவளி விடுமுறை குறுக்கிட்டதால், கடைசி இரண்டு வார மாத்திரையைத் தானே வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாக ஜெயபாரதி போன் செய்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தாள். மழை நின்று, ஆற்றுப்பக்கத்திலிருந்து சேற்று நாற்றம் வீசிக்கொண்டிருந்தது. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, காலி மாத்திரை அட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள். தீபாவளிக்குக் கறிகூடச் சாப்பிட்டிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாள். தணிகாசலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நாலு நாளாக டீக்கடைக்குப் போகவில்லை, மழைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். பேசும்போது அவன் தொண்டையில் சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஜெயபாரதி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் வீடு தேடி வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் தாயம்மாவிடம் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டைப் போட்டு, சோறும் கீரைக் குழம்பும் வைத்தாள். அதே கையோடு, அவனுக்கும் நேரமாகிவிட்டதே என்று, மிக்ஸி ஜாரைத் திறந்து கொழகொழவென்று இருந்ததைத் துணியில் ஊற்றிப் பிழிய ஆரம்பித்தாள். விற்கிற மாவா என்று கேட்டாள் ஜெயபாரதி.

"இல்லம்மா, இவருக்குத்தான். சோறும் கீரையும். இப்டிக் குடுத்தா சோக்கா எறங்குது."

ஜெயபாரதி பிசைந்த கையைத் தட்டிலேயே நிறுத்தினாள்.

"எப்பத்திலேருந்து இப்படிக் குடுக்கறீங்கக்கா?"

"அஞ்சாவது வாரத்துலேர்ந்து. மொதல்ல மசிச்சிக்கினு இருந்தேன். அப்பறம் மிக்ஸி. இப்ப ஒரு பத்து பதினஞ்சு நாளா வடிகட்டறேன்."

சொல்லச் சொல்லவே தாயம்மாவுக்குத் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. துணியை முறுக்கிய கை அப்படியே நின்றது. கீரைச் சாறு பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் எல்லா நாளும் டிக் போட்டிருக்கிறீர்களே என்று ஜெயபாரதி சன்னமாகக் கேட்டாள். தாயம்மா துணியைப் பாத்திரத்தில் போட்டாள்.

பெண்சாதி தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத் தணிகாசலத்தால் ஆகவில்லை. "அதெல்லாம் எறங்கும்மா. இவ ஆசைக்கு அரைக்கிறா. தோ, துன்னு காட்றேன் பாரு" என்றான். எழுந்து வந்து, ஜெயபாரதி வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், இட்லிப் பானையிலிருந்து காலை இட்லியில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். நன்றாக மென்றான். இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுங்கினான். சிரிப்பு அப்படியே நின்றது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்தன. சுவரைப் பிடித்தான். தாயம்மா கொடுத்த தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாய் வழியே வழிந்தது. எச்சில்கூட இறங்கவில்லை. கை கழுவுகிற தொட்டியின் மேல் குனிந்து நின்று அவன் ஓங்கரித்த சத்தம், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரையும் மீறிக் கேட்டது.

போன் போட்டதும் ஓடிவந்த அசோகன் ஆட்டோவை அரை மணி நேரத்தில் அடையாறில் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே கொண்டுபோனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் மாடி வராந்தாவில் தாயம்மா உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையில் கீரைக்கறை காய்ந்துபோயிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் மதுவந்தி வெளியே வந்தார். சிக்கியிருந்த இட்லியை எடுத்துவிட்டோம், ஆனால் கேமராக் குழாய் கீழே இறங்கவே இல்லை, வழி அவ்வளவு சுருங்கிவிட்டது என்றார். புண் ஆறிய தழும்பு இழுத்துச் சுருக்கியிருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். சுருக்கத்தின் ஓரத்தில் பார்த்தது தனக்குப் பிடிக்கவில்லை, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார். திட்டுவார் என்று தாயம்மா எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"அஞ்சாவது வாரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே கேமரா விட்டுப் பார்த்திருப்பேன்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு, எட்டாவது வாரம் எடையைப் பார்த்தபோதே நானும் தோண்டிக் கேட்டிருக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் தாயம்மா திருப்பி அழுதிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஜெயபாரதி நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இதை இப்படியே விட்டால் கணக்கில் இவர் நன்றாகக் குணமானவராக ஏறிவிடுவார், மாத்திரைக்கு இல்லாத நல்ல பேர் கிடைத்துவிடும், அதை நம்பி நாளைக்கு வேறு யாருக்காவது கொடுப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். நடந்தது நடந்தபடி எழுதவேண்டும். ரப்பர் போடக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. பழைய டிக்கின்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் நிஜம், அதன் கீழே கையெழுத்தும் இன்றைய தேதியும். முதலில் எழுதியது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி விதி.

தாயம்மா ஐந்தாம் வாரம் புதன்கிழமையில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு டிக்காக ஒரு கோடு. 'நின்றது' என்று எழுதினாள். அடுத்த நாளுக்கு 'மசித்தது'. பிறகு பக்கம் பக்கமாக 'அரைத்தது', 'அரைத்தது', 'அரைத்தது'. மாவு வியாபாரத்தில் ஞாபகம் பிசகாத பெண். எந்த நாள் எந்தக் குழம்பு என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம். தீபாவளிப் பக்கத்துக்கு வந்தபோது, புதுச் சட்டையோடு கிளாசைத் தூக்கிப் பிடித்துக் குடித்த அவன் முகம் எதிரே நின்றது. கட்டத்துக்கு வெளியே போயிருந்த டிக்கின்மேல் கோடு போட்டுவிட்டு, அடுத்த சொல்லை எழுத வெகுநேரம் ஆயிற்று. பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் நாற்பத்து நாலு கையெழுத்து. தன் பேரை வாழ்நாளில் அவள் அத்தனை தடவை எழுதியதில்லை.

மறுநாள் அவன் வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். சதைப் பரிசோதனை முடிவு வந்து, அடுத்து என்ன என்று தீர்மானிக்கிற வரைக்கும் உடம்பில் தெம்பு இருக்க வேண்டுமாம். இனி வாய் வழியாக எதுவும் கிடையாது. அதற்கடுத்த நாள் காலையில் அனுப்ரியா என்கிற சத்துணவு ஆலோசகர் தாயம்மாவைத் தனியாக உட்காரவைத்து, அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். அவருக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது.

"சோறு, பருப்பு, வேகவெச்ச காய், எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு நைசா அரைக்கணும்மா. துளிகூடத் திப்பி இருக்கக் கூடாது, குழாய் அடைச்சிக்கும். அரைச்சப்புறம் சுத்தமான துணியில வடிகட்டணும். முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும். செய்ய முடியுமா?"

பக்கத்தில் நின்ற ஜெயபாரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாயம்மா தலையை ஆட்டினாள். உப்பு எவ்வளவு போடணும் என்று கேட்டாள். கொஞ்சமாகப் போட்டால் போதும், நாக்கில் படாமல் நேராக வயிற்றுக்குப் போய்விடும், அவருக்கு ருசி தெரியாது என்றார் அனுப்ரியா. இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

தணிகாசலம் தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தான். முகம் கைப்பிடி அளவுக்குச் சிறுத்திருந்தது. அவள் கையிலிருந்த தாளைக் கண்ணால் காட்டி, இன்னா சொன்னாங்க என்று காற்றாகக் கேட்டான்.

"இனிமே எல்லாத்தையும் அரைச்சி வடிகட்டித்தான் குடுக்கணுமாம்."

அவன் குழிந்த கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அத்தத்தான் நீ ஒன்ற மாசமா செஞ்சிக்கினு கீறியே" என்றான். "டாக்டருக்கு முன்னாடியே உனுக்குத் தெரிஞ்சிருக்கு, பாரேன்."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.